தொண்டைக்குள் ஒரு தாடை: மீன்களின் உருவ வேறுபாடு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

நம் கடற்கரை மக்கள் மீன்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் பல உருவத்தை அடியொற்றிப் பிறந்தவை என்பது புலனாகும். அகன்று தட்டையான உடலை உடையது வௌவால். வாள்போல் நீண்டு மின்னுவது வாளை. மணலோடு மணலாகப் படிந்து கிடப்பது நாக்கு மீன். கிளியின் அலகு போன்ற வாயை உடையது கிளி மீன். தலையின் இருபுறமும் கொம்புபோல் நீண்டிருப்பது கொம்பன் சுறா. பெயரிட்டோர் விலங்கியல் நூல்களைக் கற்றவர் அல்லர். எனினும், ஒரு மீனை மற்றொன்றிலிருந்து பிரித்தறியத் தலையின் அமைப்பையும் உடலின் வடிவையுமே முதற்கண் நோக்க வேண்டும் என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது.

இன்று அறிவியலார் அறிந்து பெயரிட்டுள்ள மீனினங்கள் ஏறத்தாழ 35,000. முதுகெலும்புள்ள உயிரினங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மீன்களே. இத்துணை வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? ஒரே அடிப்படை எலும்புச் சட்டகத்திலிருந்து ஆயிரமாயிரம் முகங்கள் எவ்வாறு கிளைத்தன? மீன் உலகம் முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடக்குதல் இயலாது. ஆகவே, இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை தரும் ஒரு குடும்பத்தை மட்டும் இங்குக் காண்போம். அது சிக்லிட் எனப்படும் மீன் குடும்பம். கிழக்கு ஆப்பிரிக்காவின் பேரேரிகளே அக்குடும்பத்தின் மிகப் பெரிய அரங்கம். அதன் வரலாறு ஆக்கத்தின் வரலாறு மட்டுமன்று, அழிவின் வரலாறுமாகும். இரண்டுக்கும் காரணமான உறுப்பு ஒன்றே என்பதுதான் நாம் இங்குச் சிந்திக்க வேண்டிய செய்தி.

மீனின் தலை ஒரு பொறி

மனிதனின் மண்டையோட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் கீழ்த்தாடை ஒன்றே நாம் விரும்பியவாறு அசையக்கூடியது. எலும்பு மீன்களின் தலையோ அவ்வாறன்று. அதில் தனித்தனியே அசையும் எலும்புகள் மட்டுமே இருபதுக்கும் மேற்பட்டவை. மேல்தாடை, கீழ்த்தாடை, கன்னம், செவுள் மூடி, நாக்கின் அடியெலும்பு என ஒவ்வொன்றும் மற்றொன்றோடு நெம்புகோல் போலப் பிணைந்துள்ளது. ஒன்றை இழுத்தால் மற்றொன்று நகரும்.

பெரும்பாலான மீன்கள் இரையைக் கவ்வுவதற்கு முன் உறிஞ்சுகின்றன. வாய் திறந்த கணத்திலேயே வாயறை நாற்புறமும் விரிகிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியிலுள்ள நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. இது நொடியின் சிறு கூறுக்குள் நடந்து முடியும் செயலாகும். வேறு சில மீன்கள் பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்டியோ, நத்தையின் ஓட்டை உடைத்தோ உண்கின்றன.

இங்கு நெம்புகோலின் இயல்பு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தாடை நீண்டிருந்தால் அதன் நுனி விரைவாக நகரும். ஆனால் கடிக்கும் வலிமை குறையும். தாடை குறுகித் தடித்திருந்தால் வலிமை மிகும். ஆனால் விரைவு குன்றும். விரைவையும் வலிமையையும் ஒரே தாடை ஒருங்கே பெறுதல் அரிது. ஆகவே, ஓடும் சிறு மீனைப் பிடிப்பதற்கு ஏற்ற முகமும் நத்தையை நொறுக்குவதற்கு ஏற்ற முகமும் வெவ்வேறாக அமைவது இயல்பே. மீனின் முகத்தைக் கண்டு அதன் உணவை ஓரளவு ஊகித்தறிய முடிவது இதனாலேயே.

இரண்டாம் தாடை

மீன்களுக்கு நம் கண்ணில் படும் தாடையோடு, தொண்டைக்குள் மற்றொரு தாடையும் உண்டு. செவுள்களைத் தாங்கும் எலும்பு வளைவுகளுள் கடைசி வளைவு செவுளைத் தாங்கும் பணியிலிருந்து நீங்கி, பற்கள் பதிந்த தொண்டைத் தாடையாக மாறியுள்ளது. நம் குளங்களில் வாழும் கெண்டை இன மீன்களின் வாயில் பற்களே இல்லை. அவற்றின் பற்கள் யாவும் தொண்டையில்தான் உள்ளன.

பல மீன்களில் இத்தொண்டைத் தாடை இரையை உணவுக்குழாய்க்குள் தள்ளும் எளிய கருவியாகவே நின்றுவிட்டது. சிக்லிட் மீன்களிலோ அது முழுமையான அரைவைப் பொறியாக உயர்ந்தது. இந்தோனேசியாவின் சாவகத் தீவில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேரல் லீம் என்னும் அறிஞர், 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதன் அமைப்பை விரிவாக விளக்கினார். அவர் காட்டிய கூறுகளுள் தலையானவை மூன்று.

முதலாவது, இடமும் வலமுமாகப் பிரிந்திருக்க வேண்டிய கீழ்த் தொண்டை எலும்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து, முக்கோண வடிவான ஒரே தகடாக உறுதி பெற்றன. இரண்டாவது, மண்டையோட்டிலிருந்து நேரே இறங்கும் தசைகள் அத்தகட்டை ஊஞ்சல்போல் தாங்கி, மேல்நோக்கி வலிமையாக இழுக்கின்றன. மூன்றாவது, மேல் தொண்டை எலும்புகள் மண்டையோட்டின் அடிப்பகுதியோடு மூட்டாகப் பொருந்தி அதன்மேல் வழுக்கி நகர்கின்றன.

இதன் பயன் யாது? உணவை மெல்லுதல், அரைத்தல், நொறுக்குதல் ஆகிய பணிகள் தொண்டைக்குச் சென்றுவிட்டன. எனவே முன்தாடைக்கு உணவைப் பற்றும் பணி ஒன்றே எஞ்சியது. இரு பணிகளையும் ஒரே உறுப்பு செய்ய வேண்டியிருக்கும் வரையில், அதில் எழும் எந்த மாற்றமும் ஒன்றுக்கு நன்மையாகவும் மற்றொன்றுக்குக் கேடாகவும் முடியக்கூடும். பணி பகிரப்பட்டபின் முன்தாடை ஒரு வழியிலும் தொண்டைத் தாடை மற்றொரு வழியிலும் மாறுவதற்கு இடம் கிடைத்தது. சிக்லிட் மீன்களின் முகங்கள் பல்கிப் பெருகியமைக்கு இதுவே திறவுகோல் என்பது லீம் கொண்ட கருத்து.

பவளப் பாறைகளைக் கடித்து, அவற்றைத் தொண்டையில் மாவாக அரைத்து மணலாக வெளியேற்றும் கிளி மீனிடத்தும் இதனையொத்த தொண்டைத் தாடை உண்டு. இவ்வமைப்பு மீன் குடும்பங்களில் ஒரே ஒரு முறை தோன்றியதன்று. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியுள்ளது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன.

மூன்று ஏரிகள்

இத்திறவுகோல் எத்தனை கதவுகளைத் திறந்தது என்பதை அறியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று ஏரிகளை நோக்க வேண்டும். அவை தாங்கனிக்கா, மலாவி, விக்டோரியா என்பன.

தாங்கனிக்கா ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு பழமை உடையது. அதன் ஆழம் 1,470 மீட்டர். அங்கு ஏறத்தாழ 240 சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. மலாவி ஏரியின் ஆழம் ஏறத்தாழ 700 மீட்டர். அங்குள்ள சிக்லிட் இனங்கள் எழுநூறுக்கும் மேற்பட்டவை என மதிப்பிடுவர். விக்டோரியாவோ பரப்பில் மிகப் பெரியது. ஆழத்தில் மிகக் குறைந்தது. ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அதன் ஆழம் சுமார் 80 மீட்டரே.

விக்டோரியாவின் வரலாறு வியப்புக்குரியது. ஏரியின் அடிமண்ணைத் துளையிட்டு ஆராய்ந்தோர், அது ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வற்றி வறண்டு, பின்னர் மீண்டும் நிரம்பியது என்று 1996ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவ்வாறாயின், இன்று அங்குக் காணும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சிக்லிட் இனங்கள் பெரும்பாலும் அக்குறுகிய காலத்துக்குள் தோன்றியவை ஆகும். முதுகெலும்புள்ள உயிர்களுள் இத்துணை விரைவான பெருக்கம் வேறெங்கும் அறியப்படவில்லை எனலாம். அம்மீன்களின் முன்னோர், வெவ்வேறு ஆறுகளில் வாழ்ந்த இரு கிளைகள் கலந்து பிறந்த கலப்பு வழியினர் என்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. இரு பழைய வழிகளின் மரபணு வேறுபாடுகள் ஒருங்கே கலந்தமையால், புதிய வடிவங்களுக்கு வேண்டிய மூலப்பொருள் தொடக்கத்திலேயே கையிருப்பாக இருந்தது.

உணவுக்கு ஏற்ற முகம்

இவ்வேரிகளின் சிக்லிட்களை அவற்றின் உணவைக் கொண்டு வகைப்படுத்தினால், ஒரு முழு உயிருலகத்தையே காண்கிறோம். பாறைப் பாசியைச் சுரண்டுவன சில. மணலைச் சலித்துப் புழுக்களை உண்பன சில. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவனவும், நத்தையை ஓட்டோடு நொறுக்குவனவும், ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் இழுத்தெடுப்பனவும் உள்ளன. பிற மீன்களை விழுங்குவன பல. தாய்மீன் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் முட்டைகளையும் குஞ்சுகளையும் பறித்துண்பனவும் உண்டு.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு முகம் அமைந்துள்ளது. பாசி சுரண்டும் மீனின் வாய் குறுகி அகன்று, கீழ்நோக்கி அமைந்து, அடர்ந்த வரிசைப் பற்களை உடையது. மீனுண்ணியின் தாடை நீண்டு, கூரிய பற்கள் இடைவிட்டு நிற்கின்றன. நத்தை நொறுக்கும் மீனின் முன்முகத்தில் அத்துணை மாற்றம் தோன்றாமற் போகலாம். ஆனால் அதன் தொண்டைத் தகடு தடித்து, நம் கடைவாய்ப் பற்களைப் போன்ற மழுங்கிய பற்களைத் தாங்கி நிற்கும்.

இவை யாவற்றினும் விந்தையானது தாங்கனிக்காவின் செதிலுண்ணி மீன். பெரிசோடஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இது, பிற மீன்களின் பின்புறமாக வந்து விலாவிலுள்ள செதில்களைப் பிய்த்துண்ணும். இதன் வாய் நேராக இல்லாமல் ஒருபுறம் கோணியிருக்கும். வலப்புறம் கோணிய வாயுடையது இரையின் இட விலாவைத் தாக்கும். இடப்புறம் கோணியது வல விலாவைத் தாக்கும். ஜப்பானிய அறிஞர் மிச்சியோ ஹோரி பல ஆண்டுகள் இவற்றைக் கணக்கிட்டு, 1993ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். இருவகையும் ஏறத்தாழச் சம அளவில் நிலைபெறுகின்றன. ஒருவகை மிகுந்தால் இரைமீன்கள் அப்பக்கத்தையே காத்துக் கொள்கின்றன; எனவே எண்ணிக்கையில் குறைந்த வகைக்கு உணவு எளிதிற் கிட்டுகிறது. அடுத்து அவ்வகை பெருகுகிறது. மண்டையோட்டின் வடிவை எலும்பும் தசையும் மட்டும் முடிவு செய்வதில்லை. எதிரே நிற்கும் இரையின் விழிப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதை இது விளக்குகின்றது.

உடலின் வடிவு

தலையோடு உடலும் மாறியுள்ளது. திறந்த நீர்ப்பரப்பில் இரையைத் துரத்தும் மீன்கள் இருமுனையும் கூம்பிய நீண்ட உடலைப் பெற்றுள்ளன. நீரின் தடையைக் குறைத்து நேராக விரைவதற்கு அவ்வடிவே ஏற்றது. பாறை இடுக்குகளில் வாழ்வனவற்றுள் சில, பக்கவாட்டில் மிக ஒடுங்கிய உடலைக் கொண்டு, மற்ற மீன் புக முடியாத பிளவுக்குள் புகுந்து இரை தேடுகின்றன. அலை மோதும் கரையோரக் கற்களிடையே வாழும் சிறு மீன்கள் நீந்துவதைக் குறைத்து, அடியில் ஒட்டி நிற்கும் உருண்ட குறுகிய உடலைப் பெற்றுள்ளன.

இதில் மேலும் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தாங்கனிக்காவில் காணும் வடிவங்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ ஒத்த வடிவங்கள் மலாவியிலும் உள்ளன. அவை நெருங்கிய உறவினர் போலும் என்று தோற்றத்தைக் கண்டோர் கருதுவர். ஆனால் தாமஸ் கோச்சரும் உடன் ஆய்ந்தோரும் 1993ஆம் ஆண்டில் மரபுப் பொருளை ஒப்பிட்டு, அவ்வொற்றுமைகள் இரு ஏரிகளிலும் தனித்தனியே தோன்றியவை என்று நிறுவினர். ஒரே தொழில் ஒரே வடிவை இருமுறை ஈன்றது. முகவொற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

இம்மாற்றங்கள் யாவும் ஒரே காலத்தில் சீராக நிகழ்ந்தனவும் அல்ல. தாங்கனிக்காவின் இனங்களை ஏறத்தாழ முழுமையாகத் திரட்டி ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, உடல் வடிவம், முன்தாடை, தொண்டைத் தாடை ஆகியவை வெவ்வேறு காலங்களில், விட்டுவிட்டு எழுந்த விரைவான எழுச்சிகளால் வேறுபட்டன என்று காட்டியுள்ளது.

வளையும் எலும்பும் மரபணுவும்

எலும்பு என்றவுடன் கல்போன்று மாறாத பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. விக்டோரியா ஏரிப் பகுதியில் நத்தை உண்ணும் சிக்லிட் இனம் ஒன்று உண்டு. அதன் தொண்டைத் தகடு தடித்தது. அம்மீனை நத்தையின்றி மென்மையான உணவு கொடுத்து வளர்த்தபோது, அதன் தகடு மெலிந்தும் பற்கள் ஒல்லியாகவும் அமைந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹம்ஃப்ரி கிரீன்வுட் இதனை 1965ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். உழைக்கும் எலும்பு தடிக்கும். ஓய்ந்த எலும்பு மெலியும். ஆயினும், ஒரு மீன் தன் வாழ்நாளில் அடையும் இம்மாற்றம் அப்படியே அதன் குஞ்சுக்குச் செல்வதன்று. வழிவழியாக நிலைபெறும் மாற்றத்துக்கு மரபணு வேறுபாடும், அவ்வேறுபாடுகளுள் சூழலுக்கு ஏற்றதை நிலைக்கச் செய்யும் இயற்கைத் தேர்வும் வேண்டும்.

அம்மரபணுக்களுள் ஒன்று பி.எம்.பி.4 எனப்படுவது. கரு வளரும்போது எலும்பு உருவாவதில் இதற்குப் பங்குண்டு. மலாவி ஏரியில் பாசியைக் கடித்துண்ணும் குறுந்தாடை மீனின் கருவில், நீண்ட தாடையுடைய மற்றோர் இனத்தின் கருவைக் காட்டிலும் இது மிகுதியாகச் செயற்படுகிறது என்று கிரெய்க் ஆல்பர்ட்சன், கோச்சர் ஆகியோர் 2005ஆம் ஆண்டில் தெரிவித்தனர். காலாபகசுத் தீவுகளின் குருவிகளிலும் அலகின் பருமனுக்கு இதே மரபணு காரணமாக உள்ளமை அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்திருந்தது. பறவையின் அலகும் மீனின் தாடையும் ஒரே பழங்கருவியால் செதுக்கப்படுகின்றன. புதிய வடிவுக்குப் புதிய மரபணு தோன்ற வேண்டும் என்பதில்லை. இருக்கும் மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு செயற்படுகிறது என்னும் அளவு மாற்றமே போதுமானதாகிறது.

திறவுகோலும் கதவும்

இங்கு ஒரு தடை எழுப்பலாம். தொண்டைத் தாடையே பல்வகைமைக்குக் காரணமெனின், அதனை உடைய சிக்லிட்கள் எங்கெங்கும் பல்கியிருக்க வேண்டுமன்றோ? இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் சிக்லிட் இனங்கள் மூன்றே. கேரளத்தார் விரும்பியுண்ணும் கரிமீன் அவற்றுள் ஒன்று. இதற்கும் அதே இரண்டாம் தாடை உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான இனங்களாக அது கிளைக்கவில்லை.

ஆப்பிரிக்காவிலேயே இதற்கு விடை உள்ளது. சிக்லிட்கள் குடியேறிய 46 ஏரிகளை ஒப்பிட்டு, 2012ஆம் ஆண்டில் கேத்தரின் வாக்னர், லூக் ஹார்மன், ஓலே சீகவுசன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெரும்பாலான ஏரிகளில் இனப்பெருக்கம் நிகழவில்லை. ஏரி ஆழமாக அமைந்து பலவகை வாழிடங்களைத் தந்த இடங்களிலும், பெண்மீன் வண்ணங்கண்டு துணையைத் தேரும் இயல்புடைய கிளைகளிலும்தான் இனங்கள் பல்கின. ஆகவே தொண்டைத் தாடை திறவுகோல் என்பது உண்மையே. எனினும், கதவு இல்லாத சுவரில் திறவுகோலால் பயனில்லை. ஆற்றலும் வாய்ப்பும் ஒருங்கே அமையும் இடத்தில்தான் வடிவங்கள் மலர்கின்றன.

விக்டோரியாவின் துயரம்

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நைல் பெர்ச் என்னும் பெருமீன் விக்டோரியா ஏரியில் கொண்டுவந்து விடப்பட்டது. நம் கடற்கரையில் சுவைமிக்கதெனப் போற்றப்படும் கொடுவா மீனும் இதுவும் ஒரே பேரினத்தவை. நைல் பெர்ச் இரண்டு மீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. சிறு மீன்கள் நிறைந்த ஏரியில் பெருமீனை வளர்த்து வருவாய் பெருக்கலாம் என்பதே விட்டவர்களின் எண்ணம்.

1980களின் தொடக்கத்தில் நைல் பெர்ச் பெருவெள்ளம்போல் பெருகிற்று. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் விட்டேயும் உடன் பணியாற்றியோரும் 1970களின் இறுதியிலிருந்து தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் ஏரி மீன்களைக் கணக்கெடுத்து வந்தனர். அவர்கள் கண்ணெதிரிலேயே வலையில் விழும் சிக்லிட்கள் குறைந்து மறைந்தன. ஏறத்தாழ 200 இனங்கள் அழிந்தன அல்லது அழிவின் விளிம்பை எட்டின என்று அவர்கள் 1992ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அவற்றுள் பல, பெயர் பெறுவதற்கு முன்னரே மறைந்தவை.

நைல் பெர்ச் அவற்றை உண்டு தீர்த்தது என்பதே நெடுங்காலம் கூறப்பட்ட விடை. அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. சிறு மீன்களை உண்டு வாழ்ந்த பெரிய சிக்லிட் இனங்களும் பேரளவில் மறைந்தமை ஏன்? மேத்யூ மெக்கீயும் உடன் ஆய்ந்தோரும் 2015ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். சிக்லிட்டின் தொண்டைத் தகடு ஒன்றாக இணைந்தது என்று முன்னர்க் கண்டோம். இணைந்த தகடு அரைப்பதற்கு வலிமையானது. ஆனால் விரிந்து கொடுக்காது. ஆகவே பெரிய இரையை அது எளிதில் விழுங்க இயலாது. நெடுநேரம் போராட வேண்டும். நைல் பெர்ச்சின் தொண்டை எலும்புகளோ இணையாதவை. அவை அகன்று வழிவிட, இரை விரைவில் உள்ளே செல்கிறது. ஒரே இரைக்குப் போட்டியிடும்போது, நெடுநேரம் மெல்லுபவன் விரைந்து விழுங்குபவனிடம் தோற்றான். உண்ணப்பட்டமையால் மட்டுமன்றி, உணவுப் போட்டியில் வெல்ல இயலாமையாலும் அம்மீன்கள் மறைந்தன.

எவ்வுறுப்பு பல முகங்களைத் தந்ததோ, அவ்வுறுப்பே தொண்டையை ஒடுக்கி எல்லையும் வகுத்தது. பெரும்பகைவன் இல்லாத ஏரியில் அவ்வெல்லை வெளிப்படவில்லை. பகைவன் வந்தபின் அது உயிரைக் கவர்ந்தது.

வேறு காரணங்களும் உடனிருந்தன. கரையோர நிலங்களிலிருந்து வந்து சேர்ந்த உரச்சத்தும் கழிவும் பாசியைப் பெருக்கி நீரைக் கலக்கின. ஆழ்நீரில் உயிர்வளி குறைந்தது. கலங்கிய நீரில் பெண்மீன் தன் இனத்து ஆணின் வண்ணத்தைத் தெளிவாகக் காண இயலவில்லை. அதனால் இனங்களுக்கு இடையேயான வேலி தளர்ந்து, பல இனங்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கின. இதனைச் சீகவுசனும் உடன் ஆய்ந்தோரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஒரு சார்பாக மட்டும் தீர்ப்புரைத்தல் முறையன்று. நைல் பெர்ச் ஏரிக்கரை நாடுகளுக்கு ஏற்றுமதி வருவாயையும் பல்லாயிரவர்க்குத் தொழிலையும் தந்தது. ஆயினும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செதுக்கிய முகங்கள் பத்தாண்டுக்குள் மறைந்தன என்பதும், அவற்றை எவ்வருவாயாலும் மீட்க இயலாது என்பதும் மறுக்கவொண்ணாதவை.

மீண்டவை

எல்லாம் அழிந்துவிடவில்லை. 1990களில் நைல் பெர்ச் மிகுதியாகப் பிடிக்கப்பட்டு அதன் எண்ணிக்கை குறைந்தபோது, மறைந்ததாகக் கருதப்பட்ட சிறு சிக்லிட்கள் சில மீண்டும் வலையில் அகப்பட்டன. ஆனால் மீண்டவை முன்னிருந்தவாறு இல்லை. நுண்ணுயிர்களை உண்டு வந்த ஓரினத்தின் பழைய மாதிரிகளையும் புதிய மாதிரிகளையும் விட்டே குழுவினர் ஒப்பிட்டு, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். செவுளின் பரப்பு கூடியிருந்தது. உயிர்வளி குறைந்த நீரில் மூச்சுவிட அது வேண்டும். கன்னப் பகுதி பெருத்திருந்தது. பெரிய, வலிய இரையைப் பற்ற அது உதவும். இம்மாற்றம் நிகழ இருபதாண்டுக் காலமே பிடித்தது. இதில் மரபணு மாற்றத்தின் பங்கு எவ்வளவு, வளர்ந்த சூழலின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று, இரண்டும் கலந்திருக்கக்கூடும். உருவ மாற்றம் தொல்லுயிர்ப் பாறைகளில் உறங்கும் பழங்கதை மட்டுமன்று. நம் காலத்திலும் நிகழ்ந்து வருவதாகும் என்பது மட்டும் தெளிவு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். மீனின் தலை பல எலும்புகள் இணைந்த நெம்புகோல் பொறி. தொண்டைத் தாடை வலுப்பெற்றபின் முன்தாடை பணிச்சுமை நீங்கிப் பல வழிகளில் மாறிற்று. ஆழ்ந்த ஏரிகள் அம்மாற்றங்களுக்கு இடமளித்தன. ஆனால் ஒவ்வோர் அமைப்பும் ஒரு நன்மையை ஏற்று மற்றொன்றை இழப்பதாகவே அமைகின்றது. எக்காலத்துக்கும் எச்சூழலுக்கும் ஏற்ற முழுநிறைவான வடிவம் என்று ஒன்று இயற்கையில் இல்லை. சூழல் மாறினால் நேற்றைய வலிமை இன்றைய குறையாகலாம். அதனாற்றான் வடிவங்கள் பலவாக இருத்தல் இன்றியமையாதது. பலவற்றுள் சிலவேனும் புதிய சூழலைத் தாங்கி நிற்கும்.

மாணவர்கள் இதனை ஏட்டளவில் நிறுத்திவிட வேண்டுவதில்லை. நம் சந்தைகளில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிக்லிட் மீனே. வேகவைத்த அதன் தலையைக் கவனமாகப் பிரித்து, செவுள்களின் பின்னே தொண்டையின் அடித்தளத்தில் நோக்கினால், நுண்ணிய பற்கள் நிறைந்த சிறு முக்கோணத் தகடு ஒன்று கிடைக்கும். நாம் இங்குப் பேசிய இரண்டாம் தாடை அதுவே. அதனைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இம்மீன் நம் நீர்நிலைகளுக்குரியதன்று. 1950களில் வளர்ப்புக்கென நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஏரிகளிலும் குளங்களிலும் தானே பெருகி, நாட்டு மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றது. விக்டோரியாவில் வந்தேறியிடம் தோற்ற குடும்பம் இங்கே தானே வந்தேறியாக நிற்கிறது. ஓர் உயிரின் வலிமையும் குறையும் அதன் உடலில் மட்டும் இல்லை. அது எந்த நீரில், எவற்றோடு வாழ்கிறது என்பதிலும் அடங்கியுள்ளது. ஆகவே, புதிய மீனொன்றை ஒரு நீர்நிலையில் விடுவதற்கு முன், அங்கு ஏற்கெனவே வாழும் மீன்களின் முகங்களை நாம் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.